அரக்கு பார்டர் போட்ட கொடிகள்

எங்கள் தெருவில் கருப்பை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அது தானாகவே வீடு தேடி வரும். தெருக்கோடியில் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்து நிலக்கரியைக் குவித்து வைக்கிற கரி யார்டு, அதற்கும் அந்தப் பக்கம் கடல். கடல்காற்று என்று ஊரெல்லாம் ஆசையாகச் சொல்கிற சமாச்சாரம் எங்களுக்கு யார்டு வழியாகத்தான் வந்துசேரும். வரும்போது வெறுங்கையோடு வராது. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் பத்து மணிக்கு விரல் வைத்தால் ரேஷன் கடையில் ரேகை வைத்த மாதிரி ஆகிவிடும். பாலைத் திறந்து வைத்தால் மிளகுப்பால். கல்மண்டபம் கடைத்தெருவில் எவராவது மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தால், அவர் எந்தத் தெரு என்று நான் இங்கிருந்தே சொல்வேன்.

அதனால் எங்கள் பெண்கள் தினப்படிக்குக் கட்டுவது காப்பிப்பொடி, நாவல்பழம், கரும்பச்சை என்று அழுக்கு தாங்குகிற கலர்தான். நல்ல நாளென்றால் மட்டும் சந்தனமும் ரோசும் பெட்டியை விட்டு வெளியே வரும். அதைக் கட்டிக்கொண்டு, உட்காருமுன் நாற்காலியைத் துடைத்து, எழுந்தபின் பின்பக்கத்தைத் தட்டி, நாள் முழுக்க ஒரு கவலையாகவே திரிவார்கள். கருப்பை மட்டும் தொடமாட்டார்கள். கருப்பு துடைக்க வேண்டிய பொருள், உடுத்த வேண்டியதல்ல. இதற்கு விலக்கு மூன்று பேர். கார்த்திகையில் மாலை போடுகிற சாமிகள், எங்கள் வரிசையிலேயே இருக்கும் அஜீசாவின் பர்தா, பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்க்கும் நீலமேகத்தின் சட்டை. நீலமேகம் வாரத்தில் ஆறு நாள் கருப்புச் சட்டை போடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பனியன், ஏனென்றால் அன்றைக்கு ஆறும் கொடியில் காயும்.

நான் யார் வீட்டு விஷயத்திலும் தலையிடுகிறவள் இல்லை. என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. அது வீடு கட்டியவன் செய்த தப்பு. ஃப்ளோரன்ஸ் டெய்லர் என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

இது நடந்தது 2002 கார்த்திகையில். மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்த ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், எதிர்வீட்டு சௌமியா ஒரு பையை என் மெஷின் மேல் வைத்தாள். எம்.சி. ரோடு துணிக்கடைப் பை. சௌமியாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அப்பா தண்டபாணி காசிமேட்டு போட்டில் போகிறவர், அம்மா புஷ்பவல்லி மீன் விற்பவள். இவள் பாரீஸ் கார்னரில், கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள்.

பைக்குள்ளே பட்டுக்காட்டன் புடவை. கருப்பு. நல்ல மைக்கருப்பு, அதில் நாலு விரல் அகலத்துக்கு அரக்கு பார்டர்.

"இன்னாடி இது, சாவு வூட்டுக்குப் போறாப்போல?" என்றேன்.

"தொட்டுப் பாருக்கா."

தொட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஃபால்ஸ் வைக்கணும், ஜாக்கெட் தைக்கணும் என்றாள். அளவு பார்க்கப் புடவையை மேலே போட்டு பீரோ கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பெண் நிறம் கம்மி. கம்மி என்று நான் சொல்வது மரியாதைக்கு. சந்தனக் கலர் கட்டி வந்து நின்றால் முதலில் புடவை தெரியும், பிறகு பவுடர் தெரியும், கடைசியில்தான் அவள் தெரிவாள். இந்தப் புடவையில் முதலில் அவள் தெரிந்தாள். கண், கழுத்தெலும்பு, தோளில் சின்ன வயதில் போட்ட அம்மைத் தழும்பு வரைக்கும். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்க மறந்து நின்றேன்.

"கருப்புக்கு ஏன்டி கருப்பு? உங்கம்மா பாத்தா பல்லு மட்டுந்தான் தெரியுதும்பா."

"எங்க கடைக்கு ஒரு லேடி வக்கீலு வரும்க்கா. என்னியவிட கருப்பு. அது கோட்ட மாட்டிகினு வந்து நின்னா, மிஷினாண்ட நிக்கற அத்தினி ஆம்பளையும் வழி வுடறான். அது மூஞ்சிக்கு யாரும் பவுடர் போட சொல்றதில்ல." கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். கால் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

இவளை இதுவரை நாலு பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள். அவர்கள் ஊர் காசிமேடு, நடந்தால் கால்மணி நேரம். அந்த லெட்டர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்தவர்கள் பட்டப்பகலில் ட்யூப்லைட்டைப் போடச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்த அம்மாள் காப்பி கொண்டுவந்த சித்தப்பா மகளைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். நாலாவதைப் பற்றிப் புஷ்பவல்லி என்னிடமே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஞாயித்துக்கெழம திருவொத்தியூர்லேர்ந்து வராங்கோ," என்றாள் சௌமியா. "இத்த கட்டிகினுதான் வந்து நிப்பேன். புடிச்சா புடிச்சது. இல்லாங்காட்டி இனிமே எவன் முன்னாடியும் காப்பித் தட்டு தூக்க மாட்டேன். இதான் கடைசி."

"உங்கம்மா வுடுவாளா?"

"அதுக்குத்தான் இங்க வெக்கறேன். உன் பொட்டியிலயே இருக்கட்டும். யாராண்டயும் சொல்லிடாத."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்?"

அந்த நிமிஷம் அதை மனசாரத்தான் சொன்னேன்.

ஆனால் ரகசியம் எனக்கு வயிற்றில் தங்காது. வாயு மாதிரி மேலேயும் கீழேயும் ஓடும். செவ்வாய் புதன் இரண்டு நாளும் என்னால் ஒரு ஜாக்கெட்டுக்கு நேராகத் தையல் போட முடியவில்லை. புஷ்பவல்லி மீன்கூடையோடு போவதைப் பார்த்தால் தொண்டை அரிக்கும். சௌமியா வேறு காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை வந்து, ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு, "புடவ பொட்டியில கீதா?" என்பாள். "ரெக்கையா மொளைக்கும்?" என்பேன். பார்த்தால்தான் போவாள்.

புதன்கிழமை நீலமேகம் தெரு ஜனத்தைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கரி யார்டைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறாராம். போன மாதம் மட்டும் எங்கள் தெருவில் ஏழு குழந்தைகளுக்கு மூச்சிழுப்பு. ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கருப்புக்கொடி பறக்கவேண்டும், கார் நடுத்தெருவில் நின்றுதான் போகவேண்டும் என்றார். எல்லாரும் சரி என்றோம். சரி என்று சொன்னபிறகுதான் ஒரு வீட்டிலும் கருப்புத் துணி இல்லை என்பது தெரிந்தது. இத்தனை வருஷம் கரியில் குடித்தனம் செய்கிறோம், ஒரு முழம் கருப்பு இல்லை.

நீலமேகம் எம்.சி. ரோட்டுக்குப் போனார். வியர்த்து வழிந்து மூன்று மீட்டரோடு திரும்பினார்.

"சாமிங்கோ மொத்தத்தையும் அள்ளிகினு பூட்டானுங்கோ. ஒரு கடை பாக்கி இல்ல. ஒரு சாமி கையில பத்து மீட்டர் வெச்சிகினு நின்னான், கேக்கலாம்னு கிட்ட போனேன். அதுக்குள்ள சரணம் சொல்ல ஆரம்பிச்சிட்டான். நான் எப்டி குறுக்க பேசறது?"

நீலமேகத்துக்குச் சாமி கிடையாது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அஜீசா தன் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "வெள்ளத் துணியே கட்டுங்க நீலமேகண்ணே. ஞாயித்துக்குள்ள தன்னால கருப்பாயிடும்."

தெருவே சிரித்தது. நீலமேகம் மட்டும் சிரிக்கவில்லை. "அது கலீஜும்மா," என்றார். "கருப்பு வேற, கலீஜு வேற. நம்மள அவனுங்க கலீஜா ஆக்கி வெச்சிருக்கானுங்கோ. அதுக்குத்தான் நாம கருப்பு கட்றோம்."

அஜீசா உள்ளே போய்ப் பழைய பர்தா இரண்டைக் கொண்டுவந்து என் மெஷினில் போட்டாள். குடைத்துணி, கோட்டு லைனிங், யாரோ ஒருவர் மலைக்குப் போய்விட்டு வந்து அவிழ்த்த வேட்டி என்று சேர்ந்தது. வியாழனும் வெள்ளியும் நான் கொடி தைத்தேன். ஐம்பத்துமூன்று வீட்டுக்கு இருபத்தெட்டுதான் தேறியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புஷ்பவல்லி மீன்கூடையை என் வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். நீலமேகம் அப்போது கொடி எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, என் வூட்டுல கொடி கட்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்கோ. எங்காளுங்கள்ல கடல்ல ஒர்த்தன் பூட்டாத்தான் போட்ல கருப்புக்கொடி கட்றது. வாசல்ல அது பறந்தா எந்த சம்பந்தி உள்ள கால வெப்பா?"

"ஒரு வூட்டுக்கு வுட்டா அத்தினி வூட்டுக்கும் வுடணும். உன் பொண்ணுக்கு மாப்ள, என் பேரனுக்கு மூச்சு. எது பெருசு?"

"உன் பேரனுக்கு மூச்சு வந்தப்புறம் என் பொண்ணு கெழவி ஆயிடுவா."

இப்படியே போனது. நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக. கடைசியில் புஷ்பவல்லி கையை வீசிச் சொன்னாள்: "எங்க வூட்டுல கருப்புன்னு ஒரு கந்தல் நுழைஞ்சது கெடையாது. என் பொண்ணு கருப்புத் துணிய கண்ணாலகூட பாத்ததில்ல."

"பாத்ததில்லியா?" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. நாலு நாளாக அடக்கியது, அந்த ஒரு வார்த்தையில் மூடி திறந்துகொண்டது. என் கண்ணும் போய் டிரங்குப் பெட்டி மேல் விழுந்தது. கண்ணுக்கு நான் பொறுப்பா?

புஷ்பவல்லி மீன் விற்கிறவள். எந்த மீன் எதைப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியும். நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள். புடவையை எடுத்தாள். தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டையும் எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தாள், மகள் அளவு அவளுக்குத் தெரியாதா. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்டரை விரலால் உருட்டிக்கொண்டே, நீலமேகம் எண்ணி வைத்த கொடிகளைப் பார்த்தாள். பிறகு, ஏலத்தில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நைனா, உனக்கு இன்னும் எத்தினி கொடி வேணும்?"

"என் கணக்குக்கு இருவத்தஞ்சு."

"இருவத்தி நாலுன்னு வெச்சிக்க. அத்த இதுல வெட்டிக்க. என் வூட்டுக்கு வேணாம்."

நீலமேகம் புடவையைத் தொடாமல் நின்றார். "பொண்ணு புடவ போல கீது. அது இன்னா சொல்லும்?"

"பொண்ணே என்னுதுதான்," என்றாள் புஷ்பவல்லி. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "நாளிக்கு அவ வேலைக்குப் போனப்புறம் வெட்டும்மே," என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சௌமியாவுக்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னால், வாக்கை விட்டதையும் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலை சௌமியா பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டு விழுந்தபோது அந்தத் துணி போட்ட சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. மத்தியானம் நீலமேகம் வந்து கொடிகளைப் பார்த்தார்.

"இன்னாக்கா, கைக்குட்டையாட்டம் கீது?"

"கருப்பு கருப்புதான். அளவுல இன்னா கீது?" என்றேன். "ஒரு புடவைல இவ்ளோதான் வரும்." அவருக்கு ரயில் தெரியும், துணி தெரியாது.

சாயங்காலம் சௌமியா வருகிற நேரத்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டேன். ஒரு வருஷத்துக்கான ஜெபமாலையை அன்றைக்கே முடித்தேன். முட்டிதான் வலித்தது, மனசு ஒரு நிலைக்கு வரவில்லை.

ஞாயிறு விடிந்ததும் கொடிகள் ஏறிவிட்டன. சௌமியா கோலமாவோடு கதவைத் திறந்தாள். அஜீசா வீட்டு நிலையில் ஒரு கொடி படபடத்தது. கருப்பு, ஓரத்தில் அரக்கு. கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அடுத்த வீட்டுக்கு வந்தாள். அதற்கடுத்த வீடு. பார்டர் உள்ளதையெல்லாம் தொட்டுக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் போனாள். பார்டர் வராத நடுத்துண்டுகளையும் அவள் விரல் தெரிந்துகொண்டது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. திரும்பி நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"எத்தினி?" என்றாள்.

"இருவத்தி நாலு."

"யாரு வெட்னது?"

மெஷின் சக்கரத்தைச் சுற்றினேன். நூல்கூட கோக்கவில்லை.

"நான்தான்."

"யாரு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படியே நின்றாள், இரண்டு காலும் வாசலுக்கு வெளியே. நான் எழுந்துபோய் வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, அடியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். முந்தியோடு சேர்த்து மூன்று மீட்டர். ஓரம் மடித்துத் தைத்து, ஃபால்ஸ்கூட போட்டிருந்தேன். கைக்குட்டை அளவுக்கு வெட்டியதில் மிச்சம் பிடித்தது.

"தாவணியா கட்டலாம். ஜாக்கெட் அப்டியே கீது. அரக்குல ஒரு பட்டுப் பாவாட என்னாண்ட கீது. தைக்கக் குடுத்தவ தீபாவளிக்கே வாங்கியிருக்கணும், வர்ல."

"இருவத்தஞ்சு வயசுல தாவணியா?"

"வேற இன்னாடி பண்றது?"

மூன்றையும் வாங்கிக்கொண்டாள். படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். "உன் வாய தெச்சிக்க. மிஷின் உன்னாண்டதான் கீது," என்றாள்.

நியாயம்தானே.

பத்து மணிக்குத் தெருமுனையில் ஆட்டோ நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. மாப்பிள்ளை ரஞ்சித்தும் அவன் அம்மா அப்பாவும் இறங்கித் தெருவைப் பார்த்தார்கள். வாசலுக்கு வாசல் கருப்புக்கொடி. ரஞ்சித்தின் அம்மா நெஞ்சில் கைவைத்து, வாசலில் நின்ற அஜீசாவிடம் கேட்டாள்.

"யாரும்மா பூட்டாங்கோ?"

"யாரும் பூடலக்கா. யார்டுதான் போவணும்."

அந்த அம்மாள் இரண்டடி பின்னால் வைத்தாள். ஆட்டோக்காரர் விஷயத்தை விளக்கினார். கொடி இல்லாத ஒரே வீட்டைப் பார்த்து மூன்று பேரும் நடந்து வந்தார்கள். அந்த அம்மாள் பால் நிறத்தில் பட்டு. ரஞ்சித் முழுக்கை வெள்ளைச் சட்டை. அவன் போட் இன்ஜின் மெக்கானிக். சட்டை எவ்வளவு வெள்ளையோ நகக்கண் அவ்வளவு கருப்பு. அதை மறைக்க இரண்டு கையையும் கட்டிக்கொண்டே நடந்தான்.

நான் காப்பிக்கு உதவி செய்யப் போனேன். கூப்பிடவில்லைதான். எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டா போவார்கள்?

புஷ்பவல்லி ரோஸ் புடவையில் இருந்தாள். காலையிலிருந்து நாற்காலிகளை ஆறு தடவை துடைத்திருக்கிறாள், நான் எண்ணினேன். மகளுக்குச் சந்தனக் கலரை எடுத்துக் கட்டில் மேல் வைத்திருந்தாள். ஆனால் சௌமியா உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். தண்டபாணி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் ஒன்று பீடி, இல்லை கொட்டாவி. இரண்டு தடவை "வா தாயி" என்றாள் புஷ்பவல்லி. மூன்றாவது தடவை தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அரக்குப் பாவாடை, கருப்புத் தாவணி. முகத்தில் பவுடர் இல்லை. தட்டில் ஐந்து டம்ளர், ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுவென்று சத்தம். ஆனால் தலை குனியவில்லை. புஷ்பவல்லி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ரஞ்சித்தின் அம்மா டம்ளரை எடுக்காமல் கேட்டாள்: "இன்னாம்மா, எங்கள வழியனுப்பவே கட்டிகினு வந்தியா?"

"இல்லிங்க. எனக்குப் புடிச்சிது, கட்டினேன்."

"பொண்ணு பாக்க வர்ற நாள்ல கருப்பு கட்டுவாங்களா?"

"மத்த கலரு எல்லாம் நாலு வாட்டி கட்டிப் பாத்தாச்சு."

தண்டபாணிக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றது. ரஞ்சித் கட்டியிருந்த கையை அவிழ்த்து டம்ளரை எடுத்தான். நகத்தை மறைக்க மறந்துவிட்டான். அதன்பிறகு அந்த முக்கால்மணி நேரம் எனக்குப் போகவே இல்லை. நின்றேன், உட்கார்ந்தேன், காலி டம்ளரை இரண்டு தடவை அடுக்களைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

இதற்கிடையில் காற்று எழுந்தது. அதிகாரி வருகிறாரே என்று யார்டுக்காரர்கள் விடிகாலையிலிருந்து ஆள் வைத்துப் பெருக்கியதில், சும்மா தரையில் படுத்திருந்த கரியெல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்தது. அது மொத்தமும் ஜன்னல் வழியாக, கதவு வழியாக, ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே வந்தது. ரஞ்சித்தின் அப்பா இருமினார். ரஞ்சித்தின் அம்மா முந்தியால் முகத்தைத் துடைத்தாள். பால் நிறத்தில் ஒரு கரிக்கோடு. "சரி, நாங்க கெளம்பறோம்," என்று எழுந்தார்கள். எழுந்ததும் தெரிந்தது, ரஞ்சித்தின் சட்டை முதுகில் நாற்காலிப் பின்னல் அப்படியே அச்சு விழுந்திருந்தது.

கிளம்ப முடியவில்லை. மணி பதினொன்று. நீலமேகம் தெருவை மறித்துவிட்டார். ஐம்பத்திரண்டு வீட்டு ஜனமும் நடுத்தெருவில். ஆட்டோ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. சம்பந்தி வீட்டார் மூன்று பேரும், நாங்களும், புஷ்பவல்லி வாசலில் வரிசையாக நின்றோம். வெயில் நேரே அடித்தது. வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. ரஞ்சித்தின் அப்பாவுடைய வேட்டி, அந்த அம்மாளின் பட்டு, புஷ்பவல்லியின் ரோஸ், என் இளம்பச்சை. எல்லாவற்றிலும் விரல் விரலாக, திட்டுத் திட்டாகக் கரி.

ரஞ்சித்தின் அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மகன் முதுகைப் பார்த்தாள். பிறகு சௌமியாவைத் தலையிலிருந்து கால்வரை, மெதுவாக, துணிக்கடையில் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இங்க நிக்கற அத்தினி பேர்ல சுத்தமா கீறது இவ ஒருத்திதான்," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். ரஞ்சித்தும் சிரித்தான். புஷ்பவல்லிக்குத்தான் அது சிரிப்பாக இல்லை. ஆறு தடவை துடைத்தவள் அல்லவா. முகம் கூம்பிப்போய், "நான் தொடச்சேங்க, காத்தாலேர்ந்து தொடச்சிகினே கீறேன்," என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் அதிகாரியின் கார் திரும்பியது. வெள்ளைக் கார். கண்ணாடி மேலே ஏற்றியிருந்தது. போலீஸ்காரர்கள் ஜனத்தை ஓரமாக ஒதுக்க ஒதுக்க, கார் நிற்காமல் ஊர்ந்து வந்தது. நீலமேகம் கோஷம் போட்டார். கார் எங்கள் வாசலுக்கு நேராக வந்தபோது புஷ்பவல்லி படியிறங்கினாள். காருக்குக் குறுக்கே எதிர்ச்சாரிக்குப் பாய்ந்து, அஜீசா வீட்டு நிலையில் இருந்த கொடியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். அரக்கு பார்டர் போட்ட கொடி. கட்டமாட்டேன் என்றவள், கையில் பிடித்துக்கொண்டு கார் கண்ணாடி முன்னால் ஆட்டினாள்.

"எறங்கி வாய்யா. எங்க வூட்டு சேர்ல வந்து உக்காருய்யா. வெள்ளச் சட்டதானே போட்டுகினு கீற, வந்து உக்காந்துட்டுப் போ."

மீன் ஏலத்தில் பழகிய தொண்டை. கோஷமெல்லாம் அதற்குக் கீழே போனது. கண்ணாடி இறங்கவில்லை. ஆனால் கார் ஒரு நிமிஷம் நின்றது. நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் அதன்மேலும் கரி இறங்கியதை எல்லாரும் பார்த்தோம்.

சௌமியா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். கொடி பிடித்த கையைக் கீழே விழாமல் முழங்கையில் தாங்கிக்கொண்டாள்.

அந்தக் காரால் கிடைத்தது ஒரு தண்ணீர் லாரி. இரண்டு நாள் வந்து கரிக்குவியலை நனைத்துவிட்டுப் போனது. மூன்றாவது நாள் லாரி வரவில்லை, காற்று வந்தது. நீலமேகம் அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். இந்தத் தடவை மாசி மாதத்திலாம், சாமிகள் எல்லாம் மலையிறங்கி வந்த பிறகு.

திருவொற்றியூர்க்காரர்கள் லெட்டர் போடவில்லை. செவ்வாய்க்கிழமை ரஞ்சித்தின் அம்மாவே ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்தாள். சம்மதம்தான், ஆனால் பரிசம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், உங்கள் தெருவுக்கு இன்னொரு பட்டுப் புடவையைப் பலி கொடுக்க என்னால் ஆகாது என்றாளாம். பரிசப் புடவை பச்சைதான் எடுப்பார்களாம். கருப்பெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் அவளிஷ்டமாம். இதெல்லாம் எனக்குச் சௌமியா சொல்லவில்லை. அவள் என்னோடு பத்து நாள் பேசவில்லை. அந்தப் பத்து நாளும் நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்ததில் செருப்பு தேய்ந்தது.

பதினோராவது நாள் மறுபடியும் எம்.சி. ரோடு பையோடு வந்தாள். பையை மெஷின் மேல் வைத்தாள். கருப்பு, இந்தத் தடவை பச்சை பார்டர்.

"ஃபால்ஸ் வெக்கணும்," என்றாள். அவ்வளவுதான்.

நான் டிரங்குப் பெட்டியின் சாவியை எடுத்தேன். பழக்கம். எதிர்வாசலில் புஷ்பவல்லி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள்.

"பொட்டியில எல்லாம் வெக்க வேணாம்மே. தெச்சி இங்க குடுத்துடு. எங்க பீரோவுலயே எடம் கீது."